குமிழைத் திருகும் முன்: ஃபேன் பேனல் கட்டுவோர் செய்யும் தவறுகள்

கம்ப்யூட்டர் ஃபேன்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொந்தமாகப் பேனல் கட்டுபவர்கள் பெரும்பாலும் குமிழ், அலுமினியத் தகடு, எல்இடி என்று முகப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: பேனல் பழுதானால் ஃபேன் நின்றுவிடுமா, முழு வேகத்தில் ஓடுமா? ஓடத்தான் வேண்டும்.

ரேடியோவில் வால்யூமுக்குப் போடும் சின்ன கார்பன் பாட்டை (திருகினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்) அப்படியே 12 வோல்ட் வயரின் நடுவே சேர்ப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. என் முதல் பேனலில் நானும் அதைத்தான் செய்தேன். அந்தப் பாட்கள் பெரும்பாலும் கால் வாட், அரை வாட்தான் தாங்கும். 0.3 ஆம்பியர் ஃபேனை 7 வோல்ட்டுக்கு இறக்கினால் பாட்டிலேயே கிட்டத்தட்ட ஒரு வாட் சூடாக இறங்கும். சில நாளில் கருகல் வாடை வந்தது, பாட் அறுந்தது, ஃபேனும் நின்றது.

அடுத்து எல்லோரும் வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்317 ஐசிக்குப் போகிறார்கள். நல்ல ஐசிதான். ஆனால் அது தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். குமிழை எவ்வளவு திருகினாலும் ஃபேனுக்குக் கிடைப்பது 10 வோல்ட் அளவுதான். ஒரு ஆம்பியரை 7 வோல்ட்டில் கொடுத்தால் ஐசியில் 5 வாட் வெப்பம் சேரும், ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) கட்டாயம். பலர் சறுக்குவது இங்கேதான்: அதன் உலோக முதுகு கிரவுண்ட் அல்ல, அவுட்புட். மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் கேபினட்டில் திருகினால் ஷார்ட். நான்கு ஐசிகளை ஒரே ஹீட் சிங்கில் அப்படியே பொருத்தினால் நான்கு குமிழும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் (12 வோல்ட்) வயருக்கும் சிவப்புக்கும் (5 வோல்ட்) நடுவே ஃபேனை மாட்டி 7 வோல்ட் எடுக்கும் பழைய வழியை விட்டுவிடுங்கள். ஃபேன் உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் பாதைக்குள் பாயும்.

நான்கு பின் ஃபேன் என்றால் 12 வோல்ட்டைத் தொடவே வேண்டாம், நான்காவது வயரில்தான் கட்டுப்பாடு. இன்டெல் வகுத்த வரையறைப்படி அதில் போக வேண்டிய பிடபிள்யூஎம் சிக்னல் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் துடிப்பு; ஆன் நேரத்தின் அளவுதான் வேகம்) 25 கிலோஹெர்ட்ஸ். 21 முதல் 28 வரை பரவாயில்லை. ஆர்டுவினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் வெறும் அனலாக்ரைட் கட்டளை எழுதினால் வருவது 490 ஹெர்ட்ஸ், 5, 6-ஆம் பின்களில் 980. சில ஃபேன்கள் அதில் ரீங்கரிக்கும், சில தடுமாறும். அந்தத் துடிப்பை உருவாக்கும் டைமர்1-இன் அமைப்பை மாற்றி 9 அல்லது 10-ஆம் பின்னில் 25 கிலோஹெர்ட்ஸ் எடுங்கள். ஆர்டுவினோ கிரவுண்டையும் ஃபேன் கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள். அந்த நான்காவது வயரைச் சின்ன டிரான்சிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுப்பதே முறை. அப்போது சிக்னல் தலைகீழாகும், அதனால் புரோகிராமிலும் கணக்கைத் திருப்ப வேண்டும். இந்த அமைப்பை நான் விரும்பக் காரணம், அந்தச் சிக்னல் வயர் அறுந்தாலும் ஃபேன் தானாக முழு வேகத்துக்குப் போய்விடும்.

வேகம் இரண்டு மடங்காகக் காட்டுகிறதா? ஒரு சுற்றுக்கு டேகோ வயர் (ஃபேனின் வேகத்தைச் சொல்லும் வயர்) இரண்டு துடிப்பு தரும், பாதியாக்குங்கள். இரண்டு ஃபேன்களைச் சேர்த்து மாட்டினால் ஒன்றின் டேகோவை மட்டும் இணையுங்கள்.

5 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அதே 5 வோல்ட்டில் நின்ற நிலையிலிருந்து கிளம்பாமல் போகலாம். தூசி சேர்ந்தால் இன்னும் மோசம். தொடக்கத்தில் ஓரிரு நொடி முழு 12 வோல்ட் கொடுத்துவிட்டுக் குறையுங்கள். குமிழின் கடைசி எல்லையும் ‘நிறுத்தம்’ ஆக இருக்கக் கூடாது. சிபியூ ஃபேனை மட்டும் பேனலுக்குக் கொண்டுவராதீர்கள். சூட்டைப் பார்த்து மதர்போர்டின் பயாஸ் மென்பொருளே ஓட்டட்டும்.

தகடு வெட்டும் முன் கேபினட்டைப் பாருங்கள். பேனலைப் பொருத்தும், டிவிடி டிரைவுக்கான 5.25 அங்குல இடத்தின் முகப்பு சுமார் 146 மில்லிமீட்டர் அகலம், 41 உயரம். புதிய கேபினட்கள் பலவற்றில் அந்த இடமே இல்லை.

எல்லாம் முடிந்ததும், கேபினட்டை மூடும் முன், ஃபேன் ஓடும்போதே பேனலின் சிக்னல் வயரை உருவிப் பாருங்கள். இரைச்சல் கூட வேண்டும். அடங்கினால் மூடாதீர்கள்.