கழிச்சல் நிற்காத மாட்டுக்கு ஜோனிஸ், காசநோய் இரண்டு சோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்

எங்கள் செவலை, ஜெர்சி கலப்பு. மூன்றாவது ஈத்துக்கு அப்புறம் கழிய ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, சாணியில் ரத்தம் இல்லை, தொட்டியை வழித்து நக்கும். ஆனாலும் விலா எலும்பை எண்ணலாம். குடற்புழு மருந்து இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை. தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை மாதிரித் தொங்கியபோதுதான், குடலைத் தாக்கித் தீராத கழிச்சல் தரும் ஜோனிஸ் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம் என்றார் மருத்துவர். கூடவே இருந்த வறட்டு இருமலை, தவிட்டுத் தூசி என்று நினைத்து நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் கட்டாயம் சொல்லுங்கள், அது காசநோயாகவும் இருக்கலாம்.

காசநோய்க் கிருமியும் ஜோனிஸ் கிருமியும் ஒரே குடும்பம். காசநோய்க்குக் கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழித்து, ஒன்றில் மாட்டு டியூபர்குலின் (மாட்டுக் காசநோய்க் கிருமியின் புரதம்), மற்றதில் பறவை டியூபர்குலின் (பறவைக் காசநோய்க் கிருமியின் புரதம்), தலா 0.1 மில்லி தோலுக்குள் போடுவார்கள். 72 மணி நேரம் கழித்து அளக்கும்போது, மாட்டு ஊசி போட்ட இடம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகத் தடித்திருந்தால் காசநோய். ஜோனிஸ் இருக்கும் மாட்டுக்குப் பறவை ஊசி இடமும் தடித்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசமே இருக்காது. செவலைக்கு அப்படித்தான் 'இல்லை' என்று வந்தது. நானும் பழையபடி மற்ற மாடுகளோடு கட்டிவிட்டேன். இரண்டாம் முறை மாட்டு ஊசித் தடிப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் காசநோயும் இருப்பது தெரிந்தது.

அதனால் முதலில் ஜோனிஸுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், ஊசி அப்புறம். ஊசி போட்டபின் எடுத்தால் அந்த முடிவும் குழம்பும். மறுசோதனைக்கு 42 நாளாவது இடைவெளி வேண்டும். ஈன்ற சமயத்தில் சோதனை வேண்டாம், சரியாகக் காட்டாது.

முடிவு வரும்வரை மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனி. ஜோனிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதற்காகச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள், வாங்குகிறவரும் நம்மைப்போல ஒரு குடும்பம்தான்.

கன்றுதான் முக்கியம். குட்டியாக இருக்கும்போது தொற்றுவது, கழிச்சலாக வெளியே தெரிய இரண்டு மூன்று வருஷம், சிலசமயம் இன்னும் கூட ஆகும். ஈன்ற உடனே கன்றைச் சாணி படாத இடத்துக்கு மாற்றி, சோதனையில் சுத்தமாக வந்த மாட்டின் சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். நோய் மாட்டுச் சாணியைத் தீவனப்புல் பாத்திக்குப் போடவே கூடாது. மாதக்கணக்கில் கிருமி அதில் உயிரோடு கிடக்கும்.

பச்சைப்பால் யாருக்கும் வேண்டாம், பேரப்பிள்ளைக்கு ஒரு வாய்கூட. பால் கறப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மாட்டு விஷயத்தையும் அங்கே சொல்லுங்கள்.