நான்கே எழுத்தில் செமிட்டிக்: தொடக்கநிலை வாசகர்களுக்கு ஒரு பயிற்சி

அரபு, எபிரேயம், அரமேயம், பழைய மெசப்பொத்தாமியாவின் அக்காடியம், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எல்லாம் ஒரே செமிட்டிக் மொழிக் குடும்பம். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பழைய சொல் ஒன்றை நீங்களே எழுத்துக்கூட்டி வாசிப்பது மேல். மொழியின் அமைப்பும் எழுத்தின் வளர்ச்சியும் அதிலேயே பிடிபடும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சினாய் பாலைவனத்தில் செராபித் அல்-காதிம் என்ற மேடு இருக்கிறது. எகிப்தியர்கள் டர்காய்ஸ் என்ற நீலப்பச்சை அணிகல் வெட்டிய இடம். ஹத்தோர் தேவதையின் கோயிலும் உண்டு. 1905இல் தொல்லியலாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி அங்கே புரியாத படக்குறிகளைக் கண்டார். அவற்றில் நான்கு குறிகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. 1916இல் எகிப்திய எழுத்து அறிஞர் ஆலன் கார்டினர் அந்த வரிசையை வாசித்துக் காட்டினார்.

படி 2: நான்கு படங்களை வரையுங்கள்

அந்த நான்கு குறிகள் இவைதான். வீட்டைக் குறிக்க ஒரு சதுரம். அடுத்து ஒரு கண். பிறகு நுனி வளைந்த தார்க்கோல், மாடு ஓட்டும் கோல்தான். கடைசியில் ஒரு கூட்டல் குறி.

படி 3: பெயரைச் சொல்லி முதல் ஒலியை மட்டும் எடுங்கள்

பழைய செமிட்டிக்கில் வீடு ‘பைத்’. அதிலிருந்து ‘அன்பு’ என்னும்போது ஒலிக்கும் ப். கண் ‘ஐன்’. இது தொண்டையை இறுக்கி எழுப்பும் மெய்யொலி, தமிழில் எழுத்து கிடையாது. அரபு ஓதப் பழகியவர்களுக்கு உடனே வரும். தார்க்கோல் ‘லம்த்’, அதில் ல். குறி ‘தவ்’, அதில் த்.

ப், ஐன், ல், த். உயிரொலியே இல்லை. உயிர்மெய்க்குப் பழகிய நமக்கு இது முதலில் திணறலாக இருக்கும், பரவாயில்லை. உயிரை வாசிப்பவர்தான் சேர்க்க வேண்டும்: பஅலத்.

படி 4: வேரைப் பிரியுங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். செமிட்டிக் மொழிகளின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. கடைசி த்-ஐ மறைத்துவிடுங்கள். மிஞ்சும் மூன்று மெய்களும் வேர். பொருள் தலைவன், உடையவன். பாகால் என்று பைபிளில் வரும் தெய்வப் பெயரும் இதே வேர்தான். அரபியில் ‘பஅல்’ என்றால் கணவன். த் பெண்பால் விகுதி. ஆக, பஅலத் என்றால் தலைவி. அக்காடியத்தில் தொண்டை ஒலி தேய்ந்துபோய், தலைவன் பேலு, தலைவி பேல்து ஆனார்கள். விகுதி மட்டும் அப்படியே நிற்கிறது பாருங்கள்.

வாசிப்பு சரியா என்று சோதிக்கவும் வழியுண்டு. செராபித் அல்-காதிமில் கிடைத்த சிறிய ஸ்பிங்ஸ் (சிங்க உடல், மனிதத் தலை) சிலையில் எகிப்திய எழுத்தில் ஹத்தோரின் பெயர் இருக்கிறது. அதே சிலையில் இந்த நான்கு படக்குறிகளும் இருக்கின்றன. கோயிலின் தலைவியும் ஹத்தோர்தான். மற்ற வரிகள் பலவற்றில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இந்தச் சொல் மட்டும் பெரும்பாலோர் ஏற்றது.

படி 5: உருவங்களைப் பின்தொடருங்கள்

இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பினீசியரிடம் இந்த எழுத்து 22 மெய்களாக, வலமிருந்து இடமாக நிலைபெற்றது. அங்கே கண் வெறும் வட்டம். கிரேக்கர் அதையே ‘ஒ’ என்ற உயிராக்கிக்கொண்டார்கள். பினீசியத்திலிருந்து அரமேயம், அரமேயத்திலிருந்து எபிரேயச் சதுர எழுத்து ஒரு கிளை, பெட்ராவை ஆண்ட நபதேயரின் எழுத்து இன்னொரு கிளை. நபதேயம் கூட்டெழுத்தாக ஓடி அரபு எழுத்தானது.

ஓடிய வேகத்தில் வீடும் கூட்டல் குறியும் ஒரே தோணி வடிவத்துக்கு வந்துவிட்டன. பிரித்தறியப் புள்ளிகள்தான் உதவின: கீழே ஒன்று இருந்தால் ப், மேலே இரண்டு இருந்தால் த். எகிப்தில் கிடைத்த கி.பி. 643ஆம் ஆண்டு அரபுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்றிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி இருக்கிறது. ஓர் அரபுச் சொல்லை எடுத்து, புள்ளிகளை விரலால் மறைத்துவிட்டு வாசிக்க முயலுங்கள். அவற்றின் அவசியம் உடனே புரியும்.

அடுத்து மாட்டுத் தலையான ‘அல்ஃப்’, நீரலையான ‘மைம்’ இரண்டையும் இதே முறையில் தொடருங்கள். அதற்குப் பிறகு எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்துக்குப் போகலாம். 4ஆம் நூற்றாண்டில், எசானா மன்னர் காலத்தில், மெய்யின் வடிவத்தையே சற்று மாற்றி உயிரைக் காட்டத் தொடங்கிய எழுத்து அது. க, கி, கு என்று எழுதிப் பழகிய கைக்குச் சீக்கிரம் வசப்படும்.