ஷெவெல் மசில் காரின் பின் சஸ்பென்ஷன்: டயர் வீணாகச் சுழலாமல் வண்டியைப் பாய வைப்பது எப்படி?

1970 மாடல் ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 வண்டியை எல்எஸ்6 எஞ்சினோடு வாங்கியவர்களுக்கு 450 குதிரைத்திறனும் 500 பவுண்டு-அடி டார்க்கும் (சுழற்றும் விசை) கிடைத்தன. இவ்வளவையும் தரையில் இறக்க அன்று போட்டுக் கொடுத்த டயர் எஃப்70-14. இன்று பார்த்தால் ரொம்ப ஒல்லியான டயர். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் புகையும் சத்தமும் வரும். வண்டி முன்னால் போவதுதான் குறைவாக இருக்கும். சில வண்டிகளில் பின்பக்கம் தடதடவென்று குதிக்கவும் செய்யும்.

நல்ல டயர் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி சஸ்பென்ஷனில் இருக்கிறது. இங்கே நான் எடுத்துக்கொள்வது 1968 முதல் 1972 வரை வந்த ஷெவெல். அதே அடித்தளத்தில் வந்த போண்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபில் 442, ப்யூக் ஜிஎஸ் வண்டிகளுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். முதல் தலைமுறை கமாரோ, டாட்ஜ் சார்ஜர் போல லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டி வைத்திருந்தால் இதை அப்படியே செய்யாதீர்கள், அதன் வழி வேறு.

முதலில் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பின்னால் ஒரே துண்டாக ஒரு ஆக்ஸில். அதன் குழாய் மேல் இரண்டு காயில் ஸ்பிரிங். ஆக்ஸிலைச் சட்டத்தோடு (சேஸிஸ்) இணைப்பவை நான்கு ஆர்ம்கள். கீழே இரண்டு, ஏறக்குறைய வண்டியின் நீளவாக்கில் போகும். மேலே இரண்டு, டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) கூட்டின் தலையில் உள்ள இரண்டு காதுகளில் தொடங்கி, முன்னே போகப் போக வெளிப்பக்கமாக விரிந்து சட்டத்தில் சேரும். மேல் ஆர்ம்கள் இப்படிச் சாய்வாக இருப்பதால்தான் ஆக்ஸில் இடவலமாக நகராமல் நிற்கிறது.

கம்பெனி கொடுத்த ஆர்ம்கள் தகட்டை மடித்துச் செய்தவை. பெரும்பாலான வண்டிகளில் கீழ் ஆர்மின் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி அதிர்வைத் தாங்கும் உறை). வீட்டு உபயோகக் காருக்கு இது நன்றாகவே போதும். ஆனால் 400 பவுண்டு-அடிக்கு மேல் டார்க் வரும்போது ஆர்ம் முறுகுகிறது, ரப்பர் நசுங்குகிறது, டிஃபரன்ஷியலின் மூக்கு (கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் சேரும் முன்முனை) மேலே தூக்குகிறது. டயர் பிடித்திருக்கும் வரை இந்த முறுக்கு ஏறிக்கொண்டே போகும். டயர் வழுக்கிய நொடியில் அத்தனையும் அவிழும், மறுபடி டயர் பிடிக்கும், மறுபடி முறுக்கு ஏறும். ஒரு நொடிக்குள் பலமுறை இது நடப்பதைத்தான் வீல் ஹாப் என்கிறார்கள். ஆக்ஸில் ஷாஃப்ட்டும் கிரவுன் பல்லும் உடைவது பெரும்பாலும் இந்தக் குதியலில்தான்.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு. ஆக்ஸில் முறுகக் கூடாது. அதே சமயம் அது மேலும் கீழும் தடையில்லாமல் அசைய வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கிக் கெட்டியாக்கினால் பிடிமானம் வரும் என்று நினைத்து இரண்டாவதைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. காசு செலவழிக்கும் முன் இந்த வித்தியாசம் மனதில் நிற்க வேண்டும்.

படி 1: சோதனை, அளவு

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரம் அளந்து எழுதி வையுங்கள். பிறகு இந்த எண்கள் தேவைப்படும்.

புஷ் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, ஆர்ம் சேரும் இடத்தில் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்தில் துரு ஆழமாக இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது டிஃபரன்ஷியல். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (எப்படி என்று அடுத்த படியில் இருக்கிறது), எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இருக்கிறது. ஷெவர்லே இதை பாசிட்ராக்‌ஷன் என்ற பெயரில் விற்றது. எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது உள்ளே கிளட்ச் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். அப்படியானால் சஸ்பென்ஷனுக்கு முன் இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சுழலும் வண்டிக்கு எவ்வளவு நல்ல ஆர்ம் போட்டும் முழுப் பலன் கிடைக்காது.

படி 2: வண்டியைப் பத்திரமாகத் தூக்குவது

கான்கிரீட் தரை வேண்டும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்பதால் பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அது உதவாது. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், சட்டத்தின் உறுதியான பகுதியில் இரண்டு ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது.

பிறகு டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கியை வைத்து ஆக்ஸிலைத் தாங்குங்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை அப்படியே தொங்கவிட்டால் ஸ்பிரிங் இடம் மாறி வெளியே வரலாம், நடுவில் உள்ள பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கிழியலாம்.

படி 3: கீழ் ஆர்ம்கள்

ஐம்பது வருடத் துரு லேசில் விடாது. முந்தின நாளே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆர்மைத்தான் கழற்ற வேண்டும். மற்ற மூன்றும் மாட்டியிருந்தால் ஆக்ஸில் இடம் மாறாது. இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் உருண்டுவிடும், அதை மறுபடி ஓட்டைக்கு நேராகக் கொண்டுவருவது பெரிய போராட்டம். இந்த வண்டியில் ஸ்பிரிங் ஆர்மின் மேல் இல்லாமல் ஆக்ஸிலின் மேல் உட்கார்ந்திருப்பது நமக்கு வசதி, இரண்டு போல்ட்டை எடுத்தால் ஆர்ம் வந்துவிடும். பின் ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள், அது கீழ் ஆர்ம்களோடுதான் பிணைந்திருக்கும்.

கழற்றியதும் இரண்டு வழி உண்டு. குழாயில் செய்த புதிய ஆர்ம் வாங்கலாம். அல்லது பழைய ஆர்மின் திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டி போல மூடலாம். சூட்டில் ரப்பர் கெடும் என்பதால் புஷ்ஷை முதலில் பிதுக்கி எடுத்துவிட வேண்டும். வெல்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது வழி நல்ல சிக்கனம், முறுக்கைத் தாங்குவதிலும் குறை இல்லை. கீழ் ஆர்முக்கு பாலியூரித்தேன் புஷ் போடலாம், போடும்போதே அதற்குரிய கிரீஸை நிறையத் தடவுங்கள்.

படி 4: மேல் ஆர்ம்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மேல் ஆர்ம்கள் சாய்வாக இருக்கின்றன அல்லவா? ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்ஸில் சாயும். அப்போது மேல் ஆர்ம் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்கினால் போதாது, முனையில் முறுகியும் கொடுக்க வேண்டும். மென்மையான ரப்பர் அந்த முறுக்கத்தை விட்டுக்கொடுக்கிறது. பாலியூரித்தேன் அவ்வளவு கொடுக்காது. நான்கு ஆர்மின் எட்டு முனையிலும் பாலியூரித்தேன் போட்டால் முழு ஆக்ஸிலும் ஒரு தடித்த ஆன்ட்டி-ரோல் பார் போல நடக்கும். நேர்க்கோட்டில் கெட்டியாகத் தெரிந்தாலும், வளைவில் போகும்போது பின்பக்கம் திடீரென்று பிடியை விடும். மேடு பள்ளத்தில் ஒரு டயர் தரையை விட்டு லேசாகும், கூடவே பிடிமானமும் போகும்.

அதனால் டிஃபரன்ஷியல் காதுகளில் புது ரப்பர் புஷ் போடுங்கள். செலவு செய்ய முடிந்தால் எல்லாத் திசையிலும் திரும்பும் ஸ்ஃபெரிக்கல் ஜாயின்ட் போடுங்கள். அது முறுகவும் விடும், நசுங்கவும் நசுங்காது. சாலையிலும் ஓட்டும் வண்டிக்கு என் தேர்வு இதுதான், கொஞ்சம் கூடுதல் சத்தம் வந்தாலும் பரவாயில்லை. ஆர்மை நீளம் கூட்டிக் குறைக்கும் வசதியோடு வாங்குங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 5: பினியன் கோணம்

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் பினியன் (மூக்கில் உள்ள சிறு பல்சக்கரம்) அச்சும் கியர்பாக்ஸ் வெளி அச்சும் இணையாக வர வேண்டும் என்பதற்காக, நிற்கும்போது மூக்கைச் சற்றுக் கீழ்நோக்கி வைக்கிறோம். புதிய ஆர்ம் போட்ட தெரு வண்டிக்கு 1 முதல் 2 டிகிரி போதும். ரப்பர் அதிகம் இருந்தால் இன்னும் ஒரு டிகிரி கூடலாம்.

அளக்கும்போது வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும். சக்கரத்தோடு தூக்கும் லிஃப்ட் அல்லது உறுதியான சரிவுப் பலகைகள் தேவை. கோணமானியை கியர்பாக்ஸ் அச்சுக்கு இணையான பரப்பில் ஒருமுறை, பினியன் ஃபிளாஞ்சில் ஒருமுறை வைத்து வித்தியாசம் பாருங்கள். மேல் ஆர்மைக் குறைத்தால் மூக்கு கீழே போகும், நீட்டினால் மேலே வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புங்கள். கடைசியில் போல்ட் கையாலேயே வழுக்கி உள்ளே போனால் அளவு சரி. சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டும் சமமாக இல்லை.

படி 6: இறுக்குவது

வண்டி தன் காலில் நிற்கும் உயரத்தில் இருக்கும்போதுதான் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரமே கிழியும், உயரமும் மாறும். எவ்வளவு இறுக்குவது என்ற டார்க் அளவை உங்கள் வருடத்து சர்வீஸ் மேனுவலைப் பார்த்து வையுங்கள். பிறகு படி 1இல் எழுதிய உயரங்களோடு ஒப்பிடுங்கள்.

படி 7: கோணங்களை மாற்றுவது, தேவைப்பட்டால் மட்டும்

வண்டியைப் பக்கவாட்டில் பார்த்து, மேல் ஆர்ம் வழியாக ஒரு கோடு, கீழ் ஆர்ம் வழியாக ஒரு கோடு முன்னோக்கி நீட்டிக் கற்பனை செய்யுங்கள். இரண்டும் சேரும் புள்ளியில் இருந்துதான் ஆக்ஸில் வண்டியை உந்துகிறது. அந்தப் புள்ளி உயரமாகவும் அருகிலும் இருந்தால் டயர் தரையில் பலமாக அழுந்தும். மேல் ஆர்மின் பின்முனையை உயர்த்தும் நோ-ஹாப் பார் இதைத்தான் செய்கிறது. அளவு மீறினால் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் குதிக்கும், அதனால் ஆரம்பத்திலேயே இதை வாங்க வேண்டாம்.

அழகுக்காக வண்டியைத் தாழ்த்தியிருந்தால் கதை வேறு. கீழ் ஆர்மின் முன்முனை பின்முனையைவிடத் தாழ்ந்து போய், அந்தப் புள்ளியும் கீழே இறங்கியிருக்கும். ஆக்ஸில் பக்கம் ஆர்மைக் கீழே இறக்கி மாட்டும் பிராக்கெட் போட்டு, ஆர்மை மட்டமாகவோ முன்முனை லேசாக உயர்ந்தோ வைத்தால் இழந்த பிடி திரும்பும்.

இன்னொன்று, வலது டயர். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் திருகல் ஆக்ஸிலின் இடப்பக்கத்தை அழுத்தி வலப்பக்கத்தைத் தூக்கும். டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்க்கோட்டுப் பந்தயத் தடம்) ஓட்டுபவர்கள் இதற்காக இரண்டு காயிலுக்குள்ளும் தனித்தனி ஏர் பேக் வைத்து, இடதில் 5 பிஎஸ்ஐ அளவில் நிறுத்தி, வலதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். விலை குறைவு, பலன் நன்றாகத் தெரியும். சாலைக்குத் திரும்பும்போது இரண்டையும் சமமாக்கிவிடுங்கள்.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. அருகில் உள்ள டிராக் ஸ்ட்ரிப்பின் பயிற்சி நாளுக்குப் போங்கள். நண்பர் ஒருவரைப் பாதுகாப்பு வேலிக்கு வெளியே பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, கிளம்பும் நொடியை மெதுவான வேகத்தில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது லேசாக விரிந்தால் ஆக்ஸில் டயரைத் தரையில் அழுத்துகிறது. வெகுவாகச் சுருங்கினால் விசை வண்டியை உட்கார வைப்பதில் போகிறது, படி 7க்குத் திரும்பலாம். டக்கென்று விரிந்து உடனே டயர் சுழன்றால் அழுத்தம் ஒரேயடியாக வந்து போகிறது. ஷாக்கை இறுக்கும் வசதி இருந்தால் விரியும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதல் 100 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச் வைத்துச் சரிபாருங்கள். அப்போதே பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், சைலன்சர் குழாய் எதுவும் புதிய ஆர்மில் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாலியூரித்தேன் புஷ் கீச்சிட ஆரம்பித்தால் கிரீஸ் தீர்ந்துவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டும்.