அல்பைசினுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்

ஸ்பெயினின் கிரனாடாவுக்கு நண்பர்கள் யார் வந்தாலும், மூர்கள் என்ற முஸ்லிம்கள் வாழ்ந்த அல்பைசின் மேட்டுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். போன வாரம் வந்தவர்கள், முதல் பயணத்தில் நான் செய்த அதே தவறைச் செய்யப் பார்த்தார்கள். செருப்பு, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

மாலை வெயிலுக்கு மட்டும் போவது

குட்டி பஸ்ஸில் ஏறி சான் நிக்கோலாஸ் சதுக்கத்தில் இறங்குவார்கள். எதிர்மேட்டில் மூர் அரசர்களின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ரா சிவந்து நிற்கும், அதற்குப் பின்னால் சியரா நெவாடா மலை. படம் எடுத்ததும் அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தால், ஒன்றில் நண்பனின் முழங்கைக்குப் பின்னால் சின்னதாக ஒரு வளைவு. அது அல்ஹீபே, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் வாய். அல்பகார் ஊற்றிலிருந்து ஐனதமார் வாய்க்காலில் வந்த தண்ணீரை இப்படித் தொட்டிகளில் தேக்கித்தான் இந்த மேடு முழுக்கக் குடித்தது. ஐனதமார் என்றால் அரபியில் 'கண்ணீர் ஊற்று'. அதன் பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்றும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி வர மூன்று வருஷம் ஆனது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அல்ஹம்ப்ரா அரசர்களின் இடம். சனங்கள் வாழ்ந்தது இங்கே. 1492-இல் நகரம் கிறிஸ்தவ அரசர்களிடம் சரணடைந்தபோது, மசூதிகளைத் தொடமாட்டோம் என்று அவர்கள் உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். 1499-இல் பேராயர் சிஸ்னெரோஸ் கட்டாய மதமாற்றத்தில் இறங்கியதும் இந்தத் தெருக்கள்தான் கிளர்ந்தெழுந்தன. எல் சால்வதோர் தேவாலயத்துக்குப் போங்கள். பழைய பெரிய மசூதியின் முற்றம் இன்னும் அங்கே இருக்கிறது. சான் ஹோசே தேவாலயத்தின் மணிக்கூண்டு ஒரு காலத்தில் தொழுகைக்கு அழைத்த கோபுரம். அப்புறம் கீழே தாரோ ஆற்றங்கரையில் 11-ஆம் நூற்றாண்டுக் குளியல்கூடம், எல் பான்யுவேலோ. கூரையின் நட்சத்திரத் துளைகள் வழியே வெளிச்சம் தரையில் விழும்.

காலையிலேயே பஸ்ஸில் மேலே போய், நடந்து இறங்குங்கள். சரி, அந்திக் காட்சியும் வேண்டும்தான். அதற்கு மாலையில் இன்னொரு தடவை ஏறலாம்.

வாடகைக் கார்

மேலே ஓட்டாதீர்கள். அனுமதியில்லாத வண்டியின் நம்பரைக் கேமரா பிடிக்கும், அபராதம் வீடு தேடி வரும்.

திறந்திருக்கும் கதவு

உயர்ந்த வெள்ளைச் சுவருக்குள் தோட்டம் வைத்த வீட்டுக்குக் கார்மென் என்று பெயர். திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. கதவு திறந்திருக்கிறதே என்று நுழையாதீர்கள்.

அதே நாளில் அல்ஹம்ப்ரா

அல்ஹம்ப்ராவில் இருக்கும் நாஸ்ரி அரண்மனைகளுக்குள் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குத்தான் விடுவார்கள். அல்பைசினுக்கு வேறொரு நாள் வையுங்கள்.