முதுமலைக்குப் புலி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தெப்பக்காட்டில் வனத்துறையின் சபாரி வேன் திரும்பி வந்து நின்றதும், அடுத்த நடைக்குக் காத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "புலி பாத்தீங்களா?" இறங்குகிறவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஒண்ணும் இல்லைங்க, வெறும் மான்தான்." வரிசையில் நிற்கும் ஒருவர், காசு தண்டம் என்று முணுமுணுப்பார். நான் போன ஒவ்வொரு முறையும் இதே வசனம்தான்.

அந்த "வெறும் மான்தான்" என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2022 கணக்கெடுப்பின்படி முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை 114 புலிகள். காப்பகத்தின் பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் ஆறு சதுர கிலோமீட்டருக்கு ஒரு புலி. அதுவும் புதர் மண்டிய காட்டில், நம் சத்தம் கேட்டதுமே ஒதுங்கிக்கொள்ளும் பிராணி. சில தடங்களில் மட்டும் போய்வரும் ஒரு வேனுக்கு முன்னால் அது வந்து நின்றால் நம் யோகம். வராவிட்டால் யாரும் நம்மை ஏமாற்றிவிடவில்லை. நான் பதினோரு முறை போய் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு முறை பார்த்தது வாலும் பின்னங்காலும் மட்டும்.

பார்க்க முடியாமல் போவதற்கு நாமே காரணமாகிற நாட்களும் உண்டு. ஒரு மாலை நேரத்தில் டிரைவர் திடீரென்று எஞ்சினை அணைத்தார். மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு கடமான் ஒற்றைக் குரலில் உரக்கக் கத்தியது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. மரத்தின் மேலிருந்து மந்தி ஒன்று இருமுவதுபோல எச்சரிக்கை கொடுத்தது. புலியோ சிறுத்தையோ நடமாடினால்தான் இரண்டும் சேர்ந்து இப்படிக் கத்தும். டிரைவர் உதட்டில் விரல் வைத்துத் திரும்பிப் பார்த்தார். வேனே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பின்சீட்டுக்காரருக்கு வீடியோ கால் வந்தது. "ஹலோ, கேக்குதா? காட்டுக்குள்ள இருக்கோம்!" அவ்வளவுதான். கடமான் அடங்கிவிட்டது. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் சாவியைத் திருகினார்.

போனை அணைத்து வைப்பது, பளிச்சென்ற சட்டையும் அத்தர் வாசனையும் இல்லாமல் வருவது, குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் செந்நாயோ காட்டுமாடோ மலை அணிலோ தெரிந்தால் "அதை விடுங்க, புலி எங்க?" என்று டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். வானத்தையும் ஒரு கண் பாருங்கள். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்து, இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பாறுக் கழுகுகள் கூடு கட்டி வாழ்கிற ஒரு சில இடங்களில் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. என்னைக் கேட்டால் புலிக்குச் சற்றும் குறையாத காட்சி அது.

சரி, சபாரிக்குள் நடக்கும் தவறுகள் சின்னவை. பெரிய தவறுகள் எல்லாம் ரோட்டில்தான் நடக்கின்றன. மைசூரு–ஊட்டி சாலை இந்தக் காட்டை ஊடறுத்துப் போகிறது. டிக்கெட் இல்லை, வனக்காவலர் கூட வருவதில்லை, சொந்த வண்டி. அதனால் பலருக்கு இது இலவச சபாரி ஆகிவிடுகிறது. வண்டியை நிறுத்துவது, இறங்குவது, குரங்குக்கு பிஸ்கட் போடுவது, பாலத்தடியில் கால் நனைப்பது. இவை எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்காக அல்ல.

கார்குடிப் பக்கம் நேரில் பார்த்தது இது. சாலையோரத்தில் ஒரு கொம்பன் யானை தனியாக மூங்கில் ஒடித்துக்கொண்டிருந்தது. ஒரு கார் நின்றது. கைக்குழந்தையோடு அப்பா இறங்கினார், குழந்தைக்கு யானை காட்ட. முதலில் யானை மெல்லுவதை நிறுத்தியது. காதாட்டமும் நின்றது. அவர் இன்னும் இரண்டடி முன்னால் போனார். யானை காதை விரித்து, மண்ணை வாரி இறைத்தது. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "சார், வண்டியில ஏறுங்க, அது கோவத்துல இருக்கு!" என்று கத்தினார். ஏறிக் கதவைச் சாத்தும்போது யானை ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. கார் தப்பியது.

யானை காதாட்டிக்கொண்டு மேய்ந்தால் அமைதியாக இருக்கிறது என்று பொருள். காது விறைத்து நின்றால் நம்மைக் கவனிக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரக்கோடு வழிந்தால் மதநீர், அந்த யானையின் பக்கமே போகக் கூடாது. கூட்டம் சாலையைக் கடந்தால் தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் நகர இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை மின்ன வைக்க வேண்டாம். குட்டி கடந்துவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள். பின்னால் இன்னொன்று வரும். அது தாயாக இருந்தால் நீங்கள் அதற்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

குரங்குக்குத் தின்பண்டம் போடுவது புண்ணியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட் உடைக்கும் சத்தத்துக்கே ரோட்டுக்கு ஓடிவரப் பழகிய குரங்குதான் அடுத்த வண்டியில் அடிபடுகிறது. உப்பு ஒட்டிய சிப்ஸ் கவரை மான் மெல்லுகிறது, யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் வருகிறது. நீலகிரி எல்லையிலேயே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பறித்துக்கொள்வது இதனால்தான். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மரங்களின் அடியில் இறங்கி செல்பி எடுக்கிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை மரம். கீழே புல் முளைக்க விடாது. புல் இல்லாத இடத்தில் மான் இல்லை, மான் இல்லாத இடத்தில் புலிக்கு என்ன வேலை? வனத்துறை அதை வெட்டி காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது காப்பகத்தை ஒட்டிய மசினகுடி. ஜீப் நிறுத்தத்தில் யாராவது மெல்ல அருகில் வந்து, "நைட்ல போலாம் சார், புலி கேரண்டி" என்பார். எனக்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் இரவுப் பயணம் சட்டவிரோதம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், பிடிபட்டால் டிரைவரோடு சேர்த்து உங்கள் மீதும் வழக்கு. புலியைக் காட்டித் தருவேன் என்று உத்தரவாதம் கொடுப்பவரை நம்பவே நம்பாதீர்கள். ஸ்பாட்லைட் அடித்து மான்கூட்டத்தைக் கலைப்பதைத் தவிர அங்கே வேறொன்றும் நடப்பதில்லை.

விடுதி தேர்வு செய்யும்போதும் கவனம் வேண்டும். "ரூம் வாசலுக்கே யானை வரும்" என்று விளம்பரம் செய்யும் இடம் என்றால், யானை போகும் வழியில் கட்டடம் நிற்கிறது என்று அர்த்தம். அப்படி வருகிற யானையை விரட்ட என்னவெல்லாம் செய்கிறார்கள்? மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது தீப்பற்றிய டயரை வீசினார்கள். காது வெந்து, 2021 ஜனவரியில் அந்த யானை இறந்தது. கேம்ப் ஃபயர், பாட்டுக் கச்சேரி உண்டு என்று பெருமையடிக்கும் இடங்களை நான் தவிர்த்துவிடுகிறேன்.

உள்ளூர்க்காரர்களிடம் புலிக்கதை கேட்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதே 2021-ல், ஆட்களை அடித்துக் கொன்ற டி-23 என்ற புலியைத் தேடி மூன்று வாரம் காடே அமளிதுமளிப்பட்டது. அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் மாடு மேய்க்கப் போனவர்களும் கூலி வேலைக்குப் போனவர்களும் எப்படிப் பயந்து கிடந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் ஆளை இழந்த சோகத்தை நாம் "த்ரில்லா இருந்துச்சா?" என்று கேட்கக் கூடாது. ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நடைமுறை விஷயங்கள். ஊட்டிக்குப் போகாமல் முதுமலைக்கு மட்டும்தானே வருகிறோம் என்று இ-பாஸ் எடுக்காமல் வருகிறார்கள். 2024 மே 7 முதல் நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் அது தேவை. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் 2025-ல் வந்துவிட்டது. மைசூரு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6-க்குத்தான் திறக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எட்டரைக்கு குண்டல்பேட்டையில் தோசை சாப்பிட உட்கார்ந்தால் ராத்தங்கல் அங்கேதான்.

மேப் காட்டுகிறது என்று ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கப் பார்ப்பது அடுத்த தவறு. தூரம் பாதிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்த பிறகு, வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கத் தடை போட்டுவிட்டார்கள். கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு அந்த வழியில் ஏறலாம், முதல் கியரிலும் இரண்டாவதிலும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. தீ அபாயம் அதிகமானால் சபாரியை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் விசாரித்துவிடுங்கள். அப்படியும் போய் நின்று வேன் இல்லை என்றால், யானைகள் முகாமில் காலையும் மாலையும் தீனி கொடுப்பதைப் பாருங்கள். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்துப் பிசைந்த களியுருண்டையைப் பாகன் நேராக யானையின் வாய்க்குள் வைப்பார். யானையும் அடம்பிடிக்கும். ஒன்று வெல்லம் போதாது என்று தும்பிக்கையால் பாகனின் கையைத் தட்டியதை நான் பார்த்தேன். அவர் திட்டிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்து வந்தார்.