எல்எம்324-க்கு ஐந்து யூனிட் சிம்பல்: கீகேடில் வரைவது எப்படி

கீகேட் என்பது சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மென்பொருள்; சிம்பல் என்பது அதில் ஒரு சிப்பைக் குறிக்கும் படம். எல்எம்324 சிப்புக்குள் நான்கு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று), வெளியே 14 பின் (இணைப்புக் கால்). பதினான்கையும் ஒரே பெட்டியில் வரைந்தாலும் போர்டு வேலை செய்யும். ஸ்கீமேட்டிக்கை, அதாவது சுற்று வரைபடத்தை, படிப்பவர் பாடுதான் திண்டாட்டம். ஆப்-ஆம்புக்கு ஒன்றாக நான்கு முக்கோணம், பவருக்குத் தனியாக ஒன்று என ஐந்து யூனிட்டாகப் பிரிப்பதே நல்லது.

முதலில் டேட்டாஷீட்டை (சிப் தயாரிப்பாளரின் விவரத்தாளை) பார்த்து பின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்:

ஏ: அவுட்புட் 1, மைனஸ் 2, பிளஸ் 3
பி: பிளஸ் 5, மைனஸ் 6, அவுட்புட் 7
சி: அவுட்புட் 8, மைனஸ் 9, பிளஸ் 10
டி: பிளஸ் 12, மைனஸ் 13, அவுட்புட் 14
ஈ: வி பிளஸ் 4, கிரவுண்ட் 11

ஏ-யின் வரிசை பி-யில் அப்படியே தலைகீழாகிறது. ஏ-யைக் காப்பி செய்து எண்களோடு நான்கைக் கூட்டிக்கொண்டே போனால் பி-யின் அவுட்புட் 5 என்றாகிவிடும். இந்தத் தவற்றை ஈஆர்சி (கீகேடின் மின் இணைப்பு விதிச் சோதனை) பிடிக்காது, ஏனென்றால் அதற்கு நீங்கள் வரைந்த சிம்பலைத்தான் தெரியும், சிப்பைத் தெரியாது. போர்டு கைக்கு வந்த பிறகுதான் வெளிச்சமாகும். 74 வரிசை லாஜிக் சிப்களில் பழகியவர்கள் பவரை 14, 7 என்று போட்டுவிடுவதும் உண்டு.

சிம்பல் எடிட்டரில் புதிய சிம்பல் தொடங்கி, யூனிட் எண்ணிக்கை 5 என்று கொடுங்கள். யூனிட்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் யூனிட் மற்ற நான்கைப் போன்றது அல்ல.

கிரிட் 50 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஏ-யில் முக்கோணத்தின் இரண்டு மூலைகள் நடுப்புள்ளிக்கு இடப்புறம் 200 மில் தள்ளி, மேலே 200, கீழே 200. கூர்முனை வலப்புறம் 200. பின் நீளம் 100 மில். இன்புட் இரண்டும் இடப்பக்கம், மேலே 100-இல் பிளஸ், கீழே 100-இல் மைனஸ். வயர் சேரும் முனை கிரிட்டில் விழவேண்டும். விலகியிருந்தால் வயர் தொட்டதுபோலத் தெரியும், இணைந்திருக்காது.

முக்கோணத்தின் பண்புகளில் ‘எல்லா யூனிட்டுக்கும் பொது’ என்பது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈ-யிலும் முக்கோணம் வந்து நிற்கும். பிறகு பி, சி, டி-யில் ஒட்டி எண்களை மாற்றுங்கள்.

ஈ-யில் இரண்டே பின்கள், வகை பவர் இன்புட். நடுவிலிருந்து இடப்புறம் 100 மில், மேலே 300-இல் ஒன்று, கீழே 300-இல் ஒன்று, நீளம் 150. இந்த அளவில் பின்னின் உள்முனை முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தைச் சரியாகத் தொடும். வேண்டுமானால் ஸ்கீமேட்டிக்கில் ஈ-யைத் தூக்கி ஏ-யின் மேலேயே வைத்துவிடலாம், பார்க்க ஒரே சிம்பலாக இருக்கும்.

பவர் பின்னை மறைத்து வைக்காதீர்கள். கீகேடில் மறைந்த பவர் இன்புட் பின், தன் பெயரிலேயே உள்ள குளோபல் நெட்டோடு (ஸ்கீமேட்டிக் முழுவதும் ஒன்றாகக் கருதப்படும் இணைப்போடு) தானாக இணைந்துவிடும். விசிசி என்ற பெயரில் 5 வோல்ட் ஓடும் போர்டில், மறைந்த விசிசி பின் கொண்ட, 3.3 வோல்ட்டுக்கென்று வைத்த சிப்பும் சத்தமில்லாமல் 5 வோல்ட்டில் போய்ச் சேரும்.

முடித்ததும் பின் டேபிளைத் திறந்து எண்வாரியாக அடுக்குங்கள். 14 வரிகள் இருக்கவேண்டும்; ஒவ்வொன்றையும் டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். சிம்பல் சோதனைக் கருவி இரட்டை எண்ணையும் கிரிட் தப்பிய பின்னையும் சொல்லும். இடம் மாறிய எண்ணை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

ஸ்கீமேட்டிக்கில் ஐந்து யூனிட்டையும் வையுங்கள். ஈ விடுபட்டால் 4, 11 இரண்டுக்கும் நெட்டே இருக்காது. பயன்படாத ஆப்-ஆம்பின் அவுட்புட்டை மைனஸோடு சேர்த்து, பிளஸை சப்ளையின் பாதி வோல்டேஜில் கட்டுங்கள். ஈ-யின் அருகிலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் வரைந்துவிட்டால் லேஅவுட்டில் மறக்காது. பவர் கனெக்டர் வழியாக வந்தால், பவர் பின்னுக்கு சப்ளை இல்லை என்று ஈஆர்சி முறையிடும். அதற்காக பின் வகையை பேசிவ் என்று மாற்றவேண்டாம். அந்த நெட்டில் ஒரு பவர் ஃபிளாக் (இங்கே சப்ளை வருகிறது என்று ஈஆர்சிக்குச் சொல்லும் குறி) வைத்தால் போதும்.