கேம்தான் காரணம் என்று எழுதுவதற்கு முன்

போன மாதம் ஒரு பயிற்சி நிருபர் தான் எழுதிய செய்திக் காப்பியைக் கொண்டுவந்தான். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டுப் பையனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்து மண்டையை உடைத்துவிட்டான், பதினோரு தையல். செய்தி ‘செல்போனில் சண்டை கேம் விளையாடி வெறியேறிய சிறுவன்’ என்று தொடங்கியது. “வெறியேறினான்னு யார் சொன்னது?” என்றேன். “ஸ்டேஷன்ல அவங்க அப்பாவே சொன்னாரு சார்.”

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. கிட்டத்தட்ட இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன், அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்குக்கு வந்த பிறகு, வருடத்துக்கு ஒரு புதுப் பையனோ பெண்ணோ அதே வரியோடு வந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

எல்லாத் துப்பாக்கி ஆட்டத்தையும் பப்ஜி என்று எழுதுவது, இணையத்தில் கிடைத்த முகமூடிப் படத்தைச் செய்தியோடு போடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நாலு வாசகர்கள் போன் பண்ணித் திட்டினால் அவை தானாகச் சரியாகிவிடும். யாரும் திட்டாததால் சரியாகாமலே இருக்கும் தப்புகள்தான் எனக்குக் கவலை.

“அவன் கேம் ஆடுவானா?” என்று கேட்டுவிட்டு நோட்டை மூடுவது

ஆடுவான். பதினாறு வயதுப் பையன் வேறென்ன செய்வான்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2018-ல் எடுத்த கணக்கில், 13 முதல் 17 வயது வரையுள்ள பையன்களில் 97 சதவீதம் பேர் ஏதோ ஒரு வீடியோ கேம் ஆடுகிறவர்கள். அப்படியிருக்க, குற்றம் செய்தவன் கேம் ஆடினான் என்பது அவன் கிரிக்கெட் பார்த்தான் என்பது மாதிரியான தகவல். குற்றம் செய்யாத பையன்கள் எத்தனை பேர் அதே கேமை ஆடுகிறார்கள் என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் அதற்கு மதிப்பே கிடையாது.

1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரும் டூம் என்ற துப்பாக்கி கேமை ஆடினார்கள். அது உண்மை, அதனால்தான் அந்த வாய்பாடு ஒட்டிக்கொண்டது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோது, கொலையாளி யார் என்று முழுதாகத் தெரியும் முன்பே தொலைக்காட்சியில் கேமைக் குற்றம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் அவன் அறையைச் சோதித்தால் ஒரு கேம்கூட இல்லை. அவன் சிறுவயதில் ஆடியதாக விசாரணைக் குழு அறிக்கை சொன்னது சோனிக் என்ற ஆட்டத்தை. நீல முள்ளெலி ஒன்று ஓடி ஓடி வளையம் பொறுக்குமே, அது.

2012-ல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் வீட்டில் துப்பாக்கி கேம்கள் இருந்தன. ஆனால் அவன் மணிக்கணக்கில் போய் ஆடியது ஒரு தியேட்டர் வாசலில் இருந்த நடன ஆட்ட இயந்திரத்தில் என்று மறு வருட அரசு வழக்கறிஞர் அறிக்கை சொல்கிறது. வீட்டில் நிஜத் துப்பாக்கிகளும் இருந்தன. அவை அவன் அம்மா சட்டப்படி வாங்கியவை.

அமெரிக்க ரகசிய சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து, 37 பள்ளித் தாக்குதல்களில் ஈடுபட்ட 41 பேரை ஆராய்ந்தன. வன்முறை கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் எட்டில் ஒருவர். தாங்களே எழுதிய கவிதை, கதை, கட்டுரையில் வன்முறையைக் கொட்டியவர்கள் 37 சதவீதம். தடை செய்வதென்றால் முதலில் பேனாவைத்தான் தடை செய்ய வேண்டும். (அந்தக் கணக்கு 1974-லிருந்து தொடங்குகிறது, கேம்கள் பரவாத வருடங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. நமக்குச் சாதகமான புள்ளிவிவரத்தில் உள்ள ஓட்டையையும் நாமே சொல்லிவிடுவது நல்லது.)

அக்ரெஷனையும் வயலன்ஸையும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது

செய்தி ஏஜென்சியின் ஆங்கிலக் காப்பியில் இரண்டு வேறு சொற்கள் வரும். தமிழில் இரண்டும் ‘வன்முறை’ ஆகிவிடும். அவசரத்தில் டெஸ்க்கில் நடக்கிற காரியம்தான். ஆனால் இந்தத் தலைப்பில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஆய்வகத்தில் யாரும் யாரையும் குத்துவதில்லை. கால் மணி நேரம் கேம் ஆடவிட்டு, பிறகு ஒரு பொத்தான் போட்டி வைப்பார்கள். தோற்றவன் காதில் ஒரு இரைச்சல் போகும். அதை எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் வைப்பது என்பதை எதிராளி தீர்மானிக்கலாம். சத்தத்தைக் கூட்டினால் ஆக்ரோஷம் கூடியது என்று குறித்துக்கொள்வார்கள். இன்னொரு சோதனையில், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்க் குழம்பு ஊற்றுகிறார் என்று அளப்பார்கள். அந்தக் கணக்கில் எனக்குத் தெரிந்த ஆந்திரா மெஸ் பரிமாறுபவர் ஒருவர் பயங்கரக் குற்றவாளி.

அந்த இரைச்சலைக் கணக்கிடுவதிலும் ஒழுங்கில்லை. சத்தத்தை மட்டும் எடுக்கலாம், நேரத்தை மட்டும் எடுக்கலாம், இரண்டையும் பெருக்கலாம், முதல் சுற்றை மட்டும் பார்க்கலாம். சுமார் 130 ஆய்வுகளை மால்டே எல்சன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அலசியபோது 150-க்கும் மேற்பட்ட கணக்கு முறைகள் இருந்தன. ஆய்வைவிட அளவுகோல் அதிகம். 2019-ல் ஆக்ஸ்போர்டின் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி, எதை எப்படி அளப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 14, 15 வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆயிரம் பேரை வைத்து நெட்டா வைன்ஸ்டீன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பார்த்தார். வன்முறை கேமுக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் திருத்திய தீர்மானத்தையும் படித்துப் பாருங்கள். கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்தோடு ஒரு சிறிய தொடர்பு இருக்கிறது என்கிறது. நிஜ வன்முறைக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்கிறது. இரண்டு வாக்கியங்கள். தமிழில் ஒரே சொல்லைப் போட்டால் முதலாவது இரண்டாவதைத் தின்றுவிடும். நான் ‘ஆக்ரோஷம்’ என்று போடுகிறேன். இன்னும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

போனில் நிபுணர் கருத்து வாங்குவது

அவர் அந்தப் பையனைப் பார்த்தாரா? பார்க்கவில்லையா? அப்படியானால் வேண்டாம்.

விசாரணையை கேமோடு முடித்துக்கொள்வது

இது நான் செய்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2009. மாவட்டப் பதிப்பில் கிரைம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் மதிய இடைவேளையில் சக மாணவனை வயிற்றில் குத்திவிட்டான். பழம் நறுக்கும் கத்தி. குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் சொன்னார்: “பிரவுசிங் சென்டரே கதின்னு கெடந்திருக்கான் சார். புல்லா சண்டை கேமு.” அப்பா ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டே அதையே சொன்னார். தலைமையாசிரியர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, “அமைதியான பையன்தான், இந்த கேம்தான் கெடுத்துடுச்சு” என்றார். நான் கேட்காமலே, “என் பேர் போட்டுக்கலாம்” என்றும் சொன்னார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நான் நேராக அந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உரிமையாளர் பயந்துபோய் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேமைப் போட்டுக் காட்டினார். திரையில் ரத்தம் தெறித்ததைப் பார்த்தபடியே எழுதினேன். நாலு காலம் அகலத்துக்குத் தலைப்பு. மறு வாரம் போலீஸ் ஊரில் இருந்த பிரவுசிங் சென்டர்களில் எல்லாம் ரெய்டு நடத்தி, ஆறு கடைகளை இழுத்து மூடியது. ‘செய்தி எதிரொலி’ என்று அதையும் போட்டோம்.

இரண்டு வருடம் கழித்து, கோர்ட் பக்கத்து டீக்கடையில் ஒரு வக்கீல் என்னை நிறுத்தினார். அந்தப் பையனுக்காக இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜரானவர். “உங்க செய்தியோட கட்டிங்கை வெச்சிருக்கேன் சார்” என்றார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்தப் பையனை ஒரு வருடமாக நாலைந்து பேர் சேர்ந்து வதைத்திருக்கிறார்கள். டிபன் பாக்ஸில் துப்புவது, கழிவறையில் பூட்டிவைப்பது, கால்சட்டையை உருவுவது. அவன் அம்மா இரண்டு முறை எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறார். இரண்டும் தலைமையாசிரியர் மேசையில் இருந்திருக்கின்றன. எனக்கு டீ வந்த அதே மேசை.

யோசித்துப் பார்த்தால், ‘கேம்’ என்ற சொல்லை எனக்குக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அது தேவைப்பட்டிருந்தது. அப்பாவுக்கு அது இல்லையென்றால், மகன் வீட்டில் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். தலைமையாசிரியருக்கு அந்த இரண்டு கடிதங்கள். இன்ஸ்பெக்டருக்குக் காரணம் என்று ஒன்று வேண்டும். எனக்குத் தலைப்பு வேண்டும். கேம் யாருக்கும் மறுப்புக் கடிதம் எழுதாது, பத்திரிகை மேல் வழக்குப் போடாது. எல்லோருக்கும் வசதியான குற்றவாளி.

இதில் என்னை அதிகம் உறுத்துவது, அந்தச் செய்தியில் பொய்யே இல்லை என்பதுதான். அவன் பிரவுசிங் சென்டருக்குப் போனது உண்மை, ஆடியது உண்மை, மேற்கோள்கள் எல்லாம் உண்மை. அதனால் திருத்தம் போடக்கூட வழியில்லாமல் போயிற்று. அந்தக் கும்பலை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அதே கும்பலிடம் மாட்டிய இன்னொரு பையன் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று வக்கீல் சொன்னார். நான் புகார்க் கடிதத்தைத் தேடியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான் என்று சொல்ல முடியாது. தேடவில்லை என்பது மட்டும் தெரியும்.

பெரிய இடங்களிலும் இதேதான். 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மேல் வெறுப்பைக் கக்கி எழுதிவைத்துவிட்டு வந்த ஒருவன் வால்மார்ட் கடையில் புகுந்து சுட்டான். அதிபர் டிரம்ப் இனவெறியைக் கண்டித்தார். கூடவே கொடூரமான வீடியோ கேம்களையும் சேர்த்துக்கொண்டார். அந்த வாரமே வால்மார்ட் தன் கடைகளில் வன்முறை கேம் விளம்பரங்களை அகற்றச் சொன்னது. துப்பாக்கி விற்பனை தொடர்ந்தது.

யாருக்கு கேம் காரணமாகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடுகள் பற்றிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அலசி 2019-ல் வந்த ஓர் ஆய்வு, பள்ளியில் சுட்டவன் வெள்ளையனாக இருந்தால் கறுப்பனைவிட எட்டு மடங்கு அதிகமாக வீடியோ கேம் பேச்சு வருகிறது என்றது. படித்ததும் எங்கள் பத்திரிகையின் பழைய பைண்டிங்குகள்தான் ஞாபகம் வந்தன. அபார்ட்மென்ட் பையன் அடித்தால் ‘கேம் மோகம்’. ஹவுசிங் போர்டு பையன் அடித்தால் ‘வளரும் ரௌடி’. இருவர் கையிலும் ஒரே செல்போன், ஒரே கேம். ‘நல்ல குடும்பத்துப் பையன் இப்படிச் செய்வானா’ என்று நமக்கு ஆச்சரியம் வரும் இடத்தில்தான் கேமைத் தேடுகிறோம்.

அடிமைத்தனம், சூதாட்டம், வன்முறை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது

உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட ‘கேமிங் கோளாறு’ ஆட்டத்தை நிறுத்த முடியாமை பற்றியது. ஆட்டத்தில் துப்பாக்கி இருக்கிறதா, காய்கறி வெட்டுகிறார்களா என்பது அதற்குப் பொருட்டில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் வருடச் சட்டம் குறிவைத்தது பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகையறாவை. 2020 செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசு தடுத்தது நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு என்ற காரணத்தில். ‘வன்முறையைத் தூண்டியதால் தடை செய்யப்பட்ட பப்ஜி’ என்று இன்றும் காப்பி வருகிறது. குஜராத்தின் ராஜ்கோட்டில் 2019-ல் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டு, ஆடிய மாணவர்களைப் பிடித்தது வேறு கதை.

ஜப்பானைக் காட்டி வாதத்தை முடிப்பது

ஜப்பானில் கேம் அதிகம், கொலை குறைவு. சரி. அங்கே துப்பாக்கியும் குறைவு.

எதிர்ப்பக்கம் சாய்வது

கேம் ஆடுகிறவர்கள் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அப்பா அம்மாவிடம் போய் நிற்க வேண்டாம். 2018-ல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், வன்முறை கேம் ஆடியவர்களுக்குப் பின்னாளில் கைநீட்டும் போக்கு கொஞ்சம் கூடியிருந்தது. சிறிய அளவுதான், ஆனால் பூஜ்யமில்லை. பெரிய கேம் வெளியாகும் நாட்களில் குற்றம் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. பையன்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் தெருவில் சண்டை குறையத்தானே செய்யும்? அதை வைத்து ‘கேம் அமைதியைத் தருகிறது’ என்று எழுதினால் அந்தக் காப்பியும் என் மேசையைத் தாண்டாது.

சிறுவனின் பெயர், பள்ளி, தெரு

சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74. போட்டால் சிறை வரை போகலாம்.

அந்தக் கிரிக்கெட் மட்டைப் பையனின் காப்பியைத் திருப்பிக் கொடுத்து, “அவங்க அம்மாவைப் பார்த்தியா? அடிபட்டவன் வீட்டுல என்ன சொல்றாங்க? வகுப்பு ஆசிரியர்?” என்று கேட்டேன். முகம் சுருங்கிப் போனான். மறுநாள் மாலை வந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்துக்காக எட்டு மாதமாகச் சண்டை; அடிபட்டவனின் சித்தப்பா இந்தப் பையனின் அம்மாவைத் தெருவில் வைத்துக் கைநீட்டியிருக்கிறார்; அதே ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு ரசீதுகூட இருக்கிறது. கேம் நாலாவது பத்தியில், அப்பா சொன்னதாக, ஒரே வரியில் இருந்தது. அந்த வரியை நான் அடிக்கவில்லை.